நோவுக்கு என்று எழுதிய போத்தல்

சரவணை,
வேலணை.
08.02.2024

அன்பான மச்சாளுக்கு,

பார்சல் வந்துவிட்டது. மூன்று பெட்டியும் நனையாமல், நெளியாமல் வந்தன. மாமி நிலத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு சாமானையும் வெளியே எடுத்து, மணந்து பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தா. சவர்க்காரத்தை மணந்தா, சரி. உங்கள் தம்பிக்கு வந்த சப்பாத்தையும் மணந்தா. மஞ்சள் நிறத்தில் ஒரு சோடிச் சின்னக் காலுறை இருந்ததே, அதை மட்டும் என் கையில் தரவில்லை. பிள்ளை பிறக்க முதல் பிள்ளைச் சாமான் கண்ணில் படக்கூடாதாம். அலுமாரியின் அடித்தட்டில் தன்னுடைய கூறைச் சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டிவிட்டா. நான் ஒரு தரம் பார்த்துவிட்டேன் என்பதை நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். மணி அடித்ததும் மாமி, "ஸ்பீக்கரில போடு பிள்ளை" என்கிறா. உடனே பக்கத்து வளவுச் சிவக்கொழுந்து அக்காவும் வேலியடிக்கு வந்துவிடுவா. அவர்கள் இரண்டு பேரும் கதைத்து முடிய, எனக்கு "ஓம் மச்சாள், சாப்பிட்டன் மச்சாள்" என்பதற்குத்தான் இடம் மிஞ்சும். எங்கள் கலியாணத்துக்கு வந்து நின்றபோது, "உம்மட எழுத்து வடிவா இருக்கு, எனக்குக் கடிதம் எழுதும்" என்று சொன்னீர்கள். சொன்னது நீங்கள், இனி இருந்து வாசியுங்கள்.

எனக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. பிள்ளை நன்றாகத் துடிக்கிறது. முதுகடியில் இந்த நாரி நோதான் ஆளைக் கொல்கிறது. பாலர் பாடசாலையில் இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்களுடைய கதிரை என் முழங்கால் உயரம்கூட இல்லை. நாள் முழுக்க அதில் இருந்து எழும்பினால், வீட்டுக்கு வரும்போது நான் கேள்விக்குறி போல வளைந்து வருகிறேன் என்று உங்கள் தம்பி சிரிக்கிறார்.

பெட்டிக்குள் ஒரு கோப்பிப் போத்தல் நிறையச் சிவப்புக் குளிசை இருந்தது. வெளியே உங்கள் பெரிய எழுத்தில் 'நோவுக்கு' என்று ஒட்டியிருந்தீர்கள். நேற்று ஒன்று போட்டேன். அரை மணித்தியாலத்தில் நோ போன இடம் தெரியவில்லை. அங்கே இருந்துகொண்டு எனக்கு எங்கே நோகிறது என்று எப்படி மச்சாள் தெரிந்தது?

உங்கள் அன்பை நினைத்தபடி,
அஜந்தா


சூரிச்
24.02.2024

அன்பு அஜந்தாவுக்கு,

உம்முடைய கடிதத்தை ரயிலில் வைத்து வாசித்தேன். சப்பாத்தை மணந்த கதைக்கு நான் சிரிக்க, முன்னுக்கு இருந்த வெள்ளைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா மாறவே மாட்டா.

அந்தக் குளிசை உமக்குப் பிடித்தது எனக்குப் பெரிய சந்தோசம். இருபத்தொரு வருசமாக ஹொட்டல் சலவையில் நிற்கிறேன். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு என் கையால் போகும். நின்ற நிலைதான், கதிரை என்பது கண்ணால் காண்கிற சாமான். காலையில் அந்தக் குளிசை ஒன்று, பின்னேரம் ஒன்று. அது இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக் கூரையும் இல்லை, கிணற்றுக் கட்டும் இல்லை. எனக்கு உதவினது என் சனத்துக்கும் உதவட்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் அனுப்புகிறேன். சரவணையில் மட்டும் பதினேழு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். தனித்தனிப் பையாகக் கட்டி, பெயர் எழுதி, விடுமுறைக்குப் போகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவேன். பெட்டியும் உள்ளே இருக்கிற தாளும் இடத்தைத்தான் பிடிக்கும். எல்லாவற்றையும் கழித்து எறிந்துவிட்டு, குளிசையை அட்டையில் இருந்து கழற்றிப் போத்தலில் போட்டால் இரண்டு மடங்கு அனுப்பலாம். இது என்னுடைய கண்டுபிடிப்பு.

நீர் ஒன்றோடு நிற்பாட்டாதையும். காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. பிள்ளை சுமக்கிற உடம்பு, நோவையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்?

காலுறையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மச்சாள்
நிசாந்தினி


சரவணை,
வேலணை.
24.03.2024

அன்பான மச்சாளுக்கு,

இதை நீங்கள் இருந்துகொண்டு வாசிக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், பிள்ளையும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டேன்.

எங்கள் பகுதிக்கு றோஸ் மிஸ் என்று ஒரு மருத்துவமாது இருக்கிறா. ஊர்காவற்றுறை ஆள். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவ ஸ்கூட்டரில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளைத் தேடி வீடு வீடாகத் திரிகிறா. அதிகம் பேசமாட்டா. ஆனால் கண் மட்டும் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போன செவ்வாய் ஸ்கான் செய்தார்கள். பிள்ளையைச் சுற்றியுள்ள தண்ணீர் குறைந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். ஏதாவது மருந்து எடுக்கிறீரா என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். மறைத்துச் சொல்லவில்லை மச்சாள், எனக்கு உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. றோஸ் மிஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா.

வியாழன் காலை வீட்டுக்கு வந்தா. கிளினிக்கில் தந்த சத்துமாவைச் சாப்பிடுகிறேனா என்று பார்க்க வேண்டும் என்று நேரே குசினிக்குள் போய் அலுமாரியைத் திறந்தா. மாப் பைக்குப் பக்கத்தில் உங்கள் கோப்பிப் போத்தல்.

"இதை ஆர் போடுறது அஜந்தா?"

"நான்தான் மிஸ். நாரி நோவுக்கு. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு."

"டொக்டர் கேட்கேக்க மருந்து ஒண்டும் இல்லையெண்டனீர்?"

"இது மருந்தில்லையே மிஸ். மச்சாள் அனுப்பினது."

சொல்லி முடிந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. வேறு யாரும் என்றால் திட்டியிருப்பார்கள், அல்லது சிரித்திருப்பார்கள். றோஸ் மிஸ் இரண்டும் செய்யவில்லை. ஒரு குளிசையை எடுத்து யன்னலடியில் பிடித்து, அதில் பொறித்திருந்த எழுத்தை வாசித்து, டொக்டருக்குப் போன் எடுத்தா. பிறகு, "உடுப்பை மாத்தும் பிள்ளை, இப்பவே யாழ்ப்பாணம் போவம்" என்றா. தன் ஸ்கூட்டரை எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டு ஓட்டோவில் என்னோடு ஏறினா. வழி நெடுக என் கையை விடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளையின் நெஞ்சை மட்டும் தனியாக ஸ்கான் செய்தார்கள். வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளை மூச்சு விடுவதில்லை. அதனால் இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் குறுக்கே கடக்க, இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் திறந்திருக்கிறதாம். பிறந்து மூச்செடுத்த பிறகு அது தானாக மூடிக்கொள்ளும். இந்த வகை நோக் குளிசை, கடைசி மாதங்களில் அந்தக் குழாயை நேரத்துக்கு முன்னரே இறுக்கிவிடக் கூடியதாம். தண்ணீர் குறைவதற்கும் அதுவே காரணமாம். எனக்கு விளங்காமல் விழிக்க, வெளியே வந்து றோஸ் மிஸ் சொன்னா: "பண்ணைப் பாலத்துக்குக் கீழ தண்ணி போற கண்ணுகள் இருக்கெல்லோ. அதை அடைச்சா ஒரு பக்கம் தண்ணி முட்டி நிக்கும். உம்மட பிள்ளையின்ர இதயம் இப்ப அப்பிடித்தான் முட்டிக்கொண்டு நிக்குது."

குழாய் ஒடுங்கியிருக்கிறது, மூடவில்லை. குளிசையை அன்றைக்கே நிற்பாட்டியாகிவிட்டது. பெரும்பாலும் திரும்ப விரியும் என்கிறார்கள். விரியாவிட்டால் பிள்ளையை முன்கூட்டியே எடுக்க வேண்டி வரலாம். ஒரு கிழமையில் மறுபடியும் பார்ப்பார்கள். நான் வயிற்றில் கையை வைத்தபடியே இருக்கிறேன்.

மாமிக்குச் சோதனைக்குப் போனேன் என்று மட்டும் சொன்னேன், குளிசைக் கதையை இன்னும் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் சொல்லக்கூடிய விசயமா இது? ஆனால் மிஸ் ஒன்று கேட்டா. இந்தப் பகுதியில் இன்னும் நான்கு வயிற்றுப் பிள்ளைக்காரிகள் இருக்கிறார்கள். உங்கள் பை போன பதினேழு வீடும் எவை என்று உங்களுக்குத்தான் தெரியும். பெயர்களை எழுதி அனுப்புவீர்களா?

அன்புடனும் பயத்துடனும்,
அஜந்தா


சூரிச்
07.04.2024

அஜந்தாவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்து நாலு நாள். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன்.

நான் நஞ்சு அனுப்பினேன் என்று நீர் எழுதவில்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்து அதுதான் இருக்கிறது. நான் தின்னாததையா உமக்குத் தந்தேன்? இருபத்தொரு வருசம் என்னை நிமிர்த்தி வைத்த குளிசை அது. இங்கே கடையில் சும்மா வாங்கலாம், டொக்டரின் துண்டுகூடத் தேவையில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் கிளினிக்கில் ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா? படித்த பிள்ளை, பத்துப் பேருக்குப் படிப்பிக்கிற பிள்ளை.

இப்போது அந்த மிஸ் என்னுடைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படலை படலையாகப் போவா. "நிசாந்தினி அனுப்பின குளிசை இருக்கோ, பிள்ளைக்குக் கூடாதாம்" என்று கேட்பா. நான் ஊருக்கு வந்தால் சனம் ஓடி வந்து கையைப் பிடிக்கும். எனக்கு வேறு என்ன இருக்கிறது அங்கே? அதையும் பிடுங்க வேண்டுமா? பட்டியல் தரமாட்டேன்.

இனி அந்த வீட்டுக்கு நான் போன் எடுக்கவும் மாட்டேன். எடுத்தால் என்ன கதைக்க?

பிள்ளையின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுதும்.

நிசாந்தினி


சரவணை,
வேலணை.
20.04.2024

அன்பான மச்சாளுக்கு,

நீங்கள் கேட்டதை முதலில் சொல்கிறேன். குழாய் விரிந்துவிட்டது. ஒரு கிழமையில் பாதி, இரண்டாவது ஸ்கானில் முழுவதும். தண்ணீரும் கூடியிருக்கிறது. டொக்டர் திரையில் காட்டினார், இதயம் ஓடுகிற மாதிரி அடித்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். றோஸ் மிஸ் கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா.

இனி மற்றது. நீங்கள் கோபித்தது நியாயம். கேட்டிருக்க வேண்டியவள் நான். டொக்டர் நேருக்கு நேர் கேட்டும் இல்லை என்றவள் நான். அதனால் மாமியிடம் நானே சொல்லிவிட்டேன், உங்கள் பெயரை முன்னுக்கு வைக்காமல், என் பிழையை முன்னுக்கு வைத்து. மாமி கேட்டுவிட்டு எழும்பிப் போய்த் தன் தலையணைக்குக் கீழே இருந்த போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. தனக்கும் தனியாக ஒன்று அனுப்பியிருந்தீர்களாம். என்னிடம் சொன்னால் பங்கு கேட்பேன் என்று ஒளித்து வைத்தாவாம்.

இதிலிருந்து உங்களுக்கு ஊர் விளங்கும். மிஸ் பட்டியல் இல்லாமலே வீடு வீடாகப் போகிறா. எல்லோரும் இல்லை என்கிறார்கள். கடற்கரைப் பக்கத்து நிலக்சனாவை உங்களுக்குத் தெரியும், உங்களோடு படித்த ஆளின் மகள். அவளுக்கு இப்போது ஆறாம் மாதம், கல்லுப் போல இடுப்பு நோ என்று என்னிடமே சொன்னாள். மிஸ் அந்தப் படலைக்கு நான்கு தரம் போய்விட்டா. நான்கு தரமும் இல்லை என்ற பதில்தான். எனக்குக் கோபம் வந்து, ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "அவை பொய்க்காரர் இல்லை அஜந்தா. மிஸ் பறிச்சுக்கொண்டு போயிடுவா எண்ட பயம்" என்றா. ஐந்தாம் தரமும் போகத்தான் போகிறா. அந்த வெயிலில், அந்த மணல் ஒழுங்கையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிற ஆளைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

மச்சாள், மிஸ்ஸை நம்பாத சனம் உங்களை நம்பும். உங்கள் கை பட்டது என்பதற்காகவே அந்தக் குளிசையை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் நானூறு விரிப்பு மடித்து, உங்களைத் தாங்கிய சாமானை எங்களோடு பங்கு போட்டீர்கள். அதைவிடப் பெரிய அன்பை நான் கண்டதில்லை. அது உங்களிடமிருந்து ஒருபோதும் போகாது. நிலக்சனாவுக்காகப் பட்டியலைக் கேட்கிறேன்.

என் நாரிக்கு இப்போது சுடுதண்ணீர் ஒத்தடமும், தேவையென்றால் மிஸ் கேட்டுச் சொல்கிற பரசிற்றமோலும்தான். உங்கள் தம்பி பாடசாலைக்கு ஒரு பெரிய கதிரை கொண்டுவந்து போட்டார். இத்தனை நாளும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

உங்கள் அன்பு மறவாத,
அஜந்தா


சூரிச்
04.05.2024

அஜந்தா,

என்னோடு சலவையில் நிற்கிற பெண்ணின் மகள் மருந்துக்கடையில் வேலை. நேற்று ஒரு புதுப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். விரித்தால் ஒரு முழம் நீளம். நுணுக்கு எழுத்து. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் எடுக்கவே கூடாது, பிள்ளையின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்று இருக்கிறது. அதற்கு முன்னரும் டொக்டரைக் கேளாமல் கூடாது. விரலை வைத்து வைத்து வாசித்துக் காட்டினாள். என்னைப் போலத் தினமும் இரண்டு போடுகிறவர்களுக்கு வயிறு புண்ணாகும் என்றும் இருக்கிறது. அதை வாசிக்கும்போது என்னைப் பார்த்தாள்.

இருபத்தொரு வருசம். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தத் தாள் இருந்தது. இடத்தைப் பிடிக்கிறது என்று நான்தான் கழித்து எறிந்தேன். எறிந்ததைப் பெருமையாக உமக்கு எழுதியும் வைத்தேன்.

பட்டியல் அனுப்பவில்லை. கடிதம் போய்ச் சேர இரண்டு கிழமை ஆகும். நாளைக்கு ஞாயிறு, எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

உம்முடைய வீட்டுக்கு மட்டும் எந்த முகத்தோடு எடுப்பேன் என்று தெரியவில்லை.

நிசாந்தினி


சரவணை,
வேலணை.
14.06.2024

என் அன்பான மச்சாளுக்கு,

நீங்கள் பார்க்க முடியாததை நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் வேறு எதுவும் சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து எடுத்தீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சிவக்கொழுந்து அக்காவின் போன் அடித்தது. உங்கள் குரல் எங்கள் முற்றம் வரை வந்தது.

"நான் நிசாந்தினி கதைக்கிறன். ஸ்பீக்கரில போடுங்கோ அக்கா. வீட்டில இருக்கிற எல்லாரும் கேக்கவேணும்."

மாமி கையில் இருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டா.

"நான் அனுப்பின நோக் குளிசையால எங்கட அஜந்தாவின்ர பிள்ளையின்ர இதயத்துக்குப் பழுது வரப் பார்த்தது. பிழை என்னில. அதுக்குள்ள இருந்த தாளை நான்தான் எறிஞ்சனான். வயித்தில பிள்ளையோட இருக்கிற ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது. போத்தலை றோஸ் மிஸ்ஸிட்டக் குடுங்கோ. என்னில அன்பெண்டா குடுங்கோ."

பிறகு அடுத்த வீட்டில் மணி அடித்தது. பிறகு அதற்கு அடுத்த வீட்டில். அதே சொற்கள், ஒரு சொல்லும் குறையவில்லை. உங்கள் குரல் எங்கள் ஒழுங்கையால் கடற்கரைப் பக்கம் நடந்து போவதை நானும் மாமியும் படலையில் நின்று கேட்டோம். பதினேழு வீடு. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று பயந்த நீங்கள் பதினேழு தரமும் ஸ்பீக்கரில் போடச் சொன்னீர்கள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ர பிள்ளை" என்று மட்டும் சொன்னா.

அடுத்த நாள் றோஸ் மிஸ்ஸின் பையில் பதினான்கு போத்தல் சேர்ந்தது. நிலக்சனா தன்னுடையதைத் தானே கிளினிக்குக்குக் கொண்டு போனாள். அவளும் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஸ்கான் செய்து பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. நேரத்தோடு நிற்பாட்டியது நல்லது என்றார்கள். "உங்கட மச்சாளைப் போல ஒராள் என்னட்ட வேலைக்கு இருந்தா, நான் இந்த ஸ்கூட்டரை வித்துப்போட்டு வீட்டில இருப்பன்" என்று மிஸ் சொன்னா. அவ யாரையும் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

மே இருபத்தெட்டாம் திகதி மகள் பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. நல்ல குரல். மூன்றாம் நாள் நெஞ்சை ஸ்கான் செய்தார்கள். பிறந்த பிறகு மூட வேண்டிய குழாய், பிறந்த பிறகுதான் மூடியிருக்கிறது. அவ்வளவுதான் மச்சாள், அந்த ஒரு வரிக்காகத்தான் நாங்கள் எல்லோரும் இத்தனை நாளும் ஓடினோம்.

உங்கள் தம்பி படம் அனுப்பினார். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. மாமி எடுத்தால் வேலையில் நிற்கிறேன் என்று ஒரு வரி வருகிறது. முதலில் கோபத்தில் எடுக்காமல் விட்டீர்கள், இப்போது வெட்கத்தில் எடுக்காமல் இருக்கிறீர்கள். பதினேழு வீட்டுக்கு எடுத்த ஆளுக்குப் பதினெட்டாவது வீடு பெரிதா? எனக்கு உங்களில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட அந்த ஞாயிறோடு போயிருக்கும். இருபத்தொரு வருசப் பெருமையை ஒரு மத்தியானத்தில் கழற்றி வைக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது.

இன்றைக்கு நல்ல நாள் பார்த்து, மாமி அலுமாரியைத் திறந்து மஞ்சள் காலுறையை வெளியே எடுத்தா. இதை எழுதும்போது அது மகளின் காலில் இருக்கிறது. ஒன்றை உதறிவிட்டாள், மற்றது இன்னும் நிற்கிறது.

அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் சொல்ல உரிமையுள்ள ஆள் தகப்பனின் தமக்கைதான், அவ சொல்லட்டும் என்று உங்கள் தம்பி பிடிவாதமாக நிற்கிறார். முப்பத்தோராம் நாள், வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி. விரைவுத் தபாலில் போடுகிறேன், அதற்குள் இந்தக் கடிதம் உங்களிடம் வந்துவிடும்.

போன் எடுங்கள் மச்சாள். ஸ்பீக்கரில் போடுகிறேன். இந்த முறை அவளும் கேட்கட்டும்.

உங்கள்
அஜந்தா